இடது தோளுக்குப் பின்னால்

மறுபடியும் திரும்பிப் பார்த்துவிட்டான். இடைவேளை முடிந்து விசில் ஊதி, பந்து இன்னும் நாலு பேர் காலில் படக்கூட இல்லை, அதற்குள் ஓபேத் இடது தோளுக்கு மேலே ஒரு தடவை, வலது பக்கம் ஒப்புக்கு ஒரு தடவை, திரும்பவும் இடது பக்கம் என்று கழுத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கிறான். கல்யாணமான புதிதில் இந்தத் திரும்பிப் பார்க்கிற வியாதியை வைத்து நான் பண்ணாத கேலி இல்லை. பெரம்பூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போது திரும்பிப் பார்ப்பான், சர்ச்சில் எல்லோரும் எழுந்து நிற்கும்போது திரும்பிப் பார்ப்பான், உன்னை என்ன போலீஸா துரத்துகிறது என்று கேட்பேன். நடுவில் ஆடுகிறவனுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி தபி என்பான், பந்து காலுக்கு வருவதற்கு முன்னாலேயே முதுகுக்குப் பின்னால் யார் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும், வந்த பிறகு பார்க்கிறவன் பறிகொடுத்தவன் என்பான். அப்போதெல்லாம் இரண்டு தோளுக்கும் ஒரே பங்கு. இப்போது எல்லாம் இடது தோளுக்குத்தான். கழுத்து மட்டுமில்லை, இடுப்புக்கு மேலே மொத்த உடம்பும் சேர்ந்து திரும்புகிறது. கோச் இதைப் பார்த்துப் பூரித்துப்போய், ஓபேத் திரும்பிப் பார்க்கிற இடங்களை மட்டும் வெட்டி ஒட்டி ஒரு வீடியோ செய்து டீமில் இருக்கிற சின்னப் பையன்களுக்குப் போட்டுக் காட்டினாராம், முப்பத்திநாலு வயசிலும் மனுஷன் எப்படி உழைக்கிறான் பாருங்கடா என்று. அதை ஓபேத்தே வீட்டுக்கு வந்து சொன்னான், சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. காலரியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற குப்புராஜ் அண்ணன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர், இந்த டீம் ஆடுகிற எந்த ஆட்டத்தையும் தவற விடாதவர், வேர்க்கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொல்கிறார். "பாத்தியாமா, எத்தினி வாட்டி திரும்புறான். முதுவுலயும் கண்ணு வெச்சிப் பொறந்தவன்மா உன் வூட்டுக்காரன்." நானும் தலையாட்டி வைக்கிறேன். முதுகில் கண்ணாம். முகத்தில் இருக்கிற இரண்டில் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது, அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. அண்ணன் கடலைப் பொட்டலத்தை நீட்டுகிறார், கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. இந்த மைதானத்தில் விளக்கு கிடையாது, அதனால் எல்லா ஆட்டமும் பகலில்தான், பங்குனி வெயிலில் காலரி சிமெண்ட் தோசைக்கல்லாகக் காய்கிறது, துப்பட்டாவை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கூட்டம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, ஒரு கல்யாணப் பந்தியில் அடங்கிவிடுகிற ஜனம். ஆட்டக்காரர்கள் அங்கே ஒருவரை ஒருவர் கூப்பிடுவது இங்கே கேட்கிறது, இங்கே யாராவது திட்டினால் அங்கே கேட்கிறது. எங்கள் டீம் நீலம், எதிரில் மஞ்சள், முதல் பாதியிலேயே நீலம் ஒரு கோல் போட்டுவிட்டது, இப்படியே முடிந்தால் மேல் டிவிஷனுக்குப் போய்விடுவார்கள். கோல் போட்டது வேறு யாரோ. ஓபேத் எப்போது கோல் போட்டிருக்கிறான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, காதலித்தது நாங்களாக இருந்தாலும் ஒரு முறைக்கு வந்து போகட்டும் என்று அப்பா சொல்லியிருந்தார், காபி குடித்து முடித்ததும் அப்பா பெருமையாகத்தான் ஆரம்பித்தார், மாப்பிள்ளை எத்தனை கோல் போட்டிருக்கிறீர்கள் என்று. மூன்று, மாமா என்றான். இந்த வருஷமா என்றார் அப்பா. இல்லை, மொத்தமே மூன்றுதான் என்றான். அவன் முகத்தில் வெட்கமும் இல்லை வருத்தமும் இல்லை, தெருப் பெயர் கேட்டால் சொல்கிற மாதிரிச் சொன்னான். அப்பாவுடைய முகம்தான் ஆறிப்போன காபி மாதிரி ஆயிற்று. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், கட்டினால் இவனைத்தான் கட்டுவது என்று அந்த நிமிஷம் இன்னும் ஒரு தரம் முடிவு செய்தேன். அப்புறம் கோவா, கொல்கத்தா, ஷில்லாங் என்று ஒவ்வொரு கிளப்பாக ஊர் ஊராகப் போனான், நான் வியாசர்பாடியில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். டிவிக்காரன் பந்தின் பின்னாலேயே போகிறான், என் புருஷன் பந்தை ஒரு தட்டுத் தட்டி அடுத்தவனுக்கு அனுப்பிவிட்டுத் திரையை விட்டே போய்விடுகிறான். மறுநாள் பேப்பரிலும் பெயர் இருக்காது, மஞ்சள் அட்டை வாங்கினால் உண்டு. பந்து இல்லாத இடத்தில்தான் இவன் இருப்பான் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. இங்கே நேரில் வந்தால் அந்தக் கஷ்டமில்லை. நான் பந்தைப் பார்ப்பதே இல்லை, அவனை மட்டும் பார்க்கிறேன். யார் வழியை அடைத்து நிற்கிறான், யாரைக் கை காட்டி நகர்த்துகிறான், கீழே விழுந்த மஞ்சள் பையனைக்கூடத் தூக்கிவிட்டு முதுகில் தட்டுகிறான், எல்லாம் தெரிகிறது. அதனால்தான் மற்றதும் தெரிந்துவிட்டது.

வீட்டிலும் அப்படித்தான், கைக்கு வந்ததை ஒரு நிமிஷம் வைத்துக்கொள்ளத் தெரியாது. பந்தியில் அவன் இலையில் விழுந்த கறி பக்கத்து இலைக்குப் போய்விடும். கிளப் கொடுக்கிற புது ஷூ இரண்டு வாரத்தில் தெருவில் வேறு யார் காலிலோ ஓடும். என் தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரின் கோபத்தைக்கூட வாங்கி, யாருக்கும் வலிக்காமல் எங்கேயோ தள்ளிவிட்டு வந்தான், எப்படிச் செய்தான் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஊருக்கு உபகாரி, வீட்டுக்கு விருந்தாளி என்று அம்மா முணுமுணுப்பாள். எதைக் கேட்டாலும் ஒன்றுமில்லை என்பான். கணுக்கால் வீங்கி யானைக்கால் மாதிரி இருக்கும்போதும் ஒன்றுமில்லை. கொல்கத்தாவில் ஒரு வருஷம் முழுக்க பெஞ்சிலேயே உட்கார வைத்தபோதும் போனில் ஒன்றுமில்லை தபி, இங்கே மழை என்றான். அவன் என்னிடம் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் காசிமேட்டில் கல்மேல் உட்கார்ந்திருந்தோம், அலை வந்து செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. "நீ இன்னா வேணா கேளு, இன்னா வேணா திட்டு. ஆட்டத்த உடுன்னு மட்டும் ஒருநாளும் சொல்லாத தபி." நான் விளையாட்டாகத்தான் அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். ஆனால் சத்தியம் சத்தியம்தானே, ஒன்பது வருஷம் காப்பாற்றியிருக்கிறேன். மகள் பிறந்தபோது அவன் ஷில்லாங்கில் மழைச் சேற்றில் ஆடிக்கொண்டிருந்தான், வலி எடுத்த வேகத்தில் அவனை வண்டை வண்டையாகத் திட்டினேன், நர்ஸ்கள் சிரித்தார்கள், ஆனால் ஆட்டத்தை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. தூக்கத்தில் உதைப்பான், யார் யார் பெயரையோ சொல்லிப் பின்னால் வா, பின்னால் வா என்று முனகுவான், கால் விரல் நகங்கள் கறுத்துக் கோணிக்கொண்டு பார்க்கவே சகிக்காது, வீடு முழுக்கத் தைல வாடை. இவனிடமிருந்து ஆட்டத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. யோசிக்கிற வேலையே வேண்டாம் என்றுதான் இவ்வளவு நாள் இருந்தேன்.

பந்து மேலே போய்விட்டது. மஞ்சள் கோல்கீப்பர் ஓங்கி உதைத்தது, ஆகாசத்தில் நின்று யோசித்து, கீழே வருகிறது, அதன் அடியில் ஓபேத்தான் நிற்கிறான், அந்த இடத்தில் எப்போதும் அவன்தான் நிற்பான், குதிக்கிறான், நான் கண்ணை மூடிக்கொண்டேன். டப் என்று ஒரு சத்தம். தலையில் பந்து படும் சத்தம் இவ்வளவு தூரத்துக்குக் கேட்கும் என்று முன்னாலெல்லாம் எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தால் நின்றுகொண்டிருக்கிறான், தலையை ஒரு உதறு உதறிவிட்டு ஓடுகிறான். சூப்பர்யா என்கிறார் குப்புராஜ் அண்ணன். பொங்கல் முடிந்து அடுத்த வாரம் கேரளத்தில் நடந்த ஆட்டத்தில் இதே மாதிரி ஒரு பந்துக்குக் குதித்தபோதுதான் எதிராளியின் முழங்கை அவன் இடது கண்ணில் இறங்கியது. வீட்டுக்கு வந்தபோது நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. ஐஸ் வைத்தோம், வீக்கம் வடிந்தது, நிறமும் போயிற்று, எல்லோரும் மறந்துபோனோம். அப்புறம் சின்னச் சின்னதாக ஏதேதோ. பழகின கதவு நிலையில் இடது தோள் இடித்தது. இடது பக்கம் வைத்த டீ டம்ளர் கை பட்டுக் கவிழ்ந்தது, புதுசாக வைத்தேன், அதுவும் கவிழ்ந்தது. மகள் ஒரு படம் வரைந்து எடுத்துக்கொண்டு போய் அவன் இடப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாள், அவன் நேரே பார்த்துக்கொண்டே இருந்தான், அப்பாவுக்கு என் மேல் கோபம் என்று அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். அன்றிலிருந்து தெருவில் நடக்கும்போது நான் ஒன்றும் சொல்லாமல் அவனுக்கு இடப்பக்கம் மாறிக்கொண்டேன். ஏன் மாறினாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

போன ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கடைக்குப் போனது எனக்காகத்தான். நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன், டியூபில் ஒட்டியிருக்கிற எண்கள் கொஞ்ச நாளாகக் கலங்கலாகத் தெரிந்தன. எனக்குப் பார்த்து முடித்ததும், அந்த நாற்காலி சுற்றுகிறதே என்று ஓபேத் விளையாட்டாக ஏறி உட்கார்ந்தான், சாருக்கும் பார்த்துவிடலாமே என்றான் கடைக்காரன். கடைக்காரன் முதலில் ஓபேத்தின் இடது கண்ணை மூடினான், சுவரில் இருந்த திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக வந்தன, ஓபேத் கடைசிப் பொடி வரிசை வரை கடகடவென்று படித்தான். அப்புறம் வலது கண்ணை மூடினான். மூடிவிட்டுக் கையிலிருந்த ரிமோட்டை ஒரு அமுக்கு அமுக்கினான், எழுத்துகள் எல்லாம் மாறின. ஓபேத் மறுபடி படித்தான், தடுமாறவே இல்லை, அதே வேகம், மேலிருந்து கீழ் வரை. ஆனால் அவன் படித்தது முதலில் இருந்த எழுத்துகளை. எதிரே இருந்தது எதையும் அவன் படிக்கவில்லை. சார் விளையாடுறார் என்று கடைக்காரன் சிரித்தான், ஓபேத்தும் சிரித்தான், நானும் சிரித்தேன், மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம், சுவரில் புது எழுத்துகள் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தன. வெளியே வந்ததும் பைக் சாவியை என் கையில் கொடுத்து நீயே ஓட்டு, கால் வலிக்குது என்றான். அவன் என்னிடம் சாவி கொடுக்க ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். வழி முழுக்க அழுதுகொண்டே ஓட்டினேன், ஹெல்மெட் இருந்ததால் தப்பித்தேன்.

அன்றிலிருந்து எங்கே போனாலும் இந்தப் பாழாய்ப்போன பேச்சு காலைத் தடுக்குகிறது. தமிழில் பேச ஆரம்பித்தால் கண் இல்லாமல் ஒரு வாக்கியம் இல்லை போலிருக்கிறது. கண் மூடித் திறப்பதற்குள் வருகிறேன் என்கிறாள் லேபில் கூட வேலை செய்கிறவள். கண்ணும் கருத்துமாகப் படிக்கிறாள் உங்கள் பெண் என்கிறார் டீச்சர். ஊர்க் கண் பட்டுவிட்டது, சுற்றிப் போடு என்கிறாள் அம்மா. என் வாயிலேயே அன்றைக்கு மகளைத் திட்டும்போது, பரீட்சை முடிந்த பிறகு படித்தால் அது கண் கெட்ட பிறகு, என்று வந்துவிட்டது, மீதியை விழுங்கினேன், மகள் என்னம்மா என்று என்னையே பார்த்தாள். செவ்வாய்க்கிழமை லேபுக்கு வருகிற கண் டாக்டரம்மாவைப் பிடித்து, சொந்தக்காரர் ஒருவருக்கு என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். கண்ணுக்குள்ளே விழித்திரை பிரிந்திருக்கலாம், உடனே கூட்டிக்கொண்டு வந்தால் கொஞ்சமாவது காப்பாற்றலாம், நாள் போகப்போக ஒன்றும் செய்ய முடியாது, இன்னொரு கண்ணையும் பார்க்க வேண்டும், முக்கியமாகத் தலையில் அடியோ அதிர்ச்சியோ படவே கூடாது என்றார். அந்தச் சொந்தக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். எனக்கு வாயில் வந்தது, வேன் ஓட்டுகிறார் என்றேன். முதலில் அதை நிறுத்தச் சொல்லும்மா என்றார். நிறுத்தச் சொல்லும்மா. உலகத்தில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தவளைப் பார்த்து. செவ்வாய் ராத்திரி சோறு போடும்போது சொல்லலாம் என்று இருந்தேன், இந்த மேட்ச் ஜெயித்தால் மேலே போய்விடுவோம் தபி, பதினஞ்சு வருஷத்தில் ஒரு கப்பைக்கூடக் கையில் தூக்கினதில்லை நான் என்றான், சின்னப் பிள்ளை மாதிரி. குழம்பை ஊற்றினேன். புதன் சொல்லவில்லை. வியாழன் அவன் பையில் சாக்ஸ் அடுக்கும்போது சொல்லவில்லை. வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நிஜத்தில் பயம்தான். நான் சொன்னால் அது உண்மையாகிவிடும், சொல்லாதவரை அவன் கால் வலியால்தான் சாவி கொடுக்கிறான்.

முதல் பாதியில் அவன் மேற்கே பார்த்து ஆடினான், அதனால் நான் அவனுக்கு இடப்பக்கம், ஒரு தடவைகூட என் பக்கம் கண் வரவில்லை. இந்தப் பாதியில் திசை மாறிவிட்டது, நான் வலப்பக்கம், அதற்குள் மூன்று நாலு தரம் என்னைப் பார்த்துவிட்டான், ஒரு தரம் புருவத்தைத் தூக்கினான், வெயிலில் உட்காராதே, நிழலுக்குப் போ என்று அர்த்தம். போக மாட்டேன் என்று தலையாட்டினேன். ஆனால் அவனுடைய பின் ஆட்டக்காரர்களிடமிருந்து பந்தை வாங்கும்போது அவன் தன் கோலைப் பார்த்துத் திரும்ப வேண்டும், அப்போது நானும் இந்தக் கோட்டோரமும் மறுபடி அவன் இருட்டுக்குள் போய்விடுகிறோம். இதை நான் கண்டுபிடித்த மாதிரி அந்த மஞ்சள் பதினேழாம் நம்பர் பையனும் கண்டுபிடித்துவிட்டானோ என்று எனக்குக் கொஞ்ச நேரமாகச் சந்தேகம். ஒல்லிப் பையன், காற்று மாதிரி ஓடுகிறான். ஏற்கெனவே ஒரு தரம் இந்தப் பக்கத்திலிருந்து வந்து ஓபேத்தின் காலடியில் இருந்த பந்தைத் திருடிக்கொண்டு போனான், நல்லவேளை கோல்கீப்பர் காப்பாற்றினார். ஓபேத் தன்மேல்தான் தப்பு என்று மார்பில் தட்டிக் காட்டினான். அவனுக்கு வயசாவுதுமா, அதான் என்றார் குப்புராஜ் அண்ணன், துக்கம் விசாரிக்கிற குரலில். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வயசாம். அந்தப் பாதி உலகமே இல்லாமல் இவ்வளவு நாள் ஆடியிருக்கிறான், பக்கத்தில் இருக்கிறவன் மூச்சுச் சத்தத்தை வைத்து, தரையில் விழுகிற நிழலை வைத்து, கழுத்து வலிக்க வலிக்கத் திரும்பித் திரும்பி. எத்தனை தனியாக இருந்திருப்பான். மைதானத்தில் மற்றவர்களுக்கெல்லாம் பின்னால் ஆள் வருகிறது என்று கத்திச் சொல்கிறவன் அவன்தான், நடுவில் இருப்பதால் அது அவன் வேலை. அவனுக்கு யார் சொல்வது. இதோ பந்தை மறுபடி பின்னாலிருந்து தருகிறார்கள். ஓபேத் தன் கோலைப் பார்த்து நிற்கிறான், கைகளை விரித்துக் கேட்கிறான். திரும்பிப் பார்த்தான், ஆனால் பார்த்தது முன்னமே, அப்போது பதினேழு அங்கே இல்லை. இப்போது இருக்கிறான். என் காலடியில் கோட்டோரமாகக் குனிந்து ஓடுகிறான், ஓபேத்துக்கு மட்டும் தெரியாத அந்தப் பக்கமாக முழு வேகத்தில் போகிறான், பந்து உருண்டு வருகிறது, ஓபேத் மெதுவாக அதற்காகக் காலை நீட்டுகிறான், இருவரும் மோதினால் அந்தத் தலை எங்கே போய் விழும்.

"ஓபேத்! லெஃப்ட்ல ஆளு! லெஃப்ட்ல!"

என் குரல்தான். நான் எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை, கடலையெல்லாம் படியில் சிதறிக் கிடக்கிறது. அவன் யோசிக்கவில்லை, பந்தை வந்த வேகத்திலேயே ஒரு தட்டுத் தட்டி வலது பக்கம் அனுப்பிவிட்டு ஒதுங்கினான், பதினேழு அவன் சட்டையை உரசிக்கொண்டு வெறும் காற்றில் பாய்ந்து விழுந்தான். எல்லோரும் கை தட்டுகிறார்கள். சில பேர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், வீட்டிலும் நீதான் கோச்சா என்கிறது ஒரு குரல். பந்து எங்கோ போய்விட்டது, ஆட்டமும் அதன் பின்னால் போய்விட்டது, ஓபேத் போகவில்லை. இத்தனை வருஷத்தில் மைதானத்தில் அவன் சும்மா நின்று நான் பார்த்ததில்லை. மொத்த உடம்போடு என் பக்கம் திரும்பி, வலது கண்ணால் காலரியைத் துழாவி, என்னைக் கண்டுபிடித்து, பார்த்துக்கொண்டே நிற்கிறான். ஆளு என்று மட்டும் நான் கத்தவில்லை, லெஃப்ட்ல என்று கத்தியிருக்கிறேன். ஒன்பது வருஷமாக ஆட்டத்தின் நடுவே ஒரு வார்த்தை சொல்லாதவள். நான் கண்ணை விலக்கவில்லை. விலக்கக் கூடாது என்று தோன்றியது, அழுகை வந்தாலும் பரவாயில்லை என்று நின்றேன். அதற்குள் மஞ்சள் கோல்கீப்பர் ஓங்கி உதைத்துவிட்டார், பந்து மேலே போய், வெயிலில் கறுப்புப் பொட்டாகி, இறங்குகிறது, இறங்குகிற இடத்தில் ஓபேத். அவன் நிமிர்ந்து அதைப் பார்த்தான். இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை. குதிப்பதற்கு முழங்கால் மடங்கியது, மடங்கியதை நானும் பார்த்தேன், அப்புறம் அப்படியே நிமிர்ந்துகொண்டது. பந்து அவன் தலைக்கு மேலே போகட்டும் என்று விட்டுவிட்டான். பின்னால் வேறு யாரோ சிரமப்பட்டு அதை வெளியே தள்ளினார்கள். ஐயோ, இன்னாடா இது, விட்டுட்டான் என்று குப்புராஜ் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஓபேத் பெஞ்சைப் பார்த்து இரண்டு கையையும் சுற்றிக் காட்டினான், ஆளை மாற்று என்று. கோச் நம்பாமல் திரும்பக் கேட்டார், அவன் திரும்பவும் சுற்றிக் காட்டினான்.

நான் படி இறங்கி வேலிக் கம்பிக்கு வந்துவிட்டேன். அவன் கேப்டன் கைப்பட்டையைக் கழற்றி, உள்ளே வருகிற புதுப் பையன் கையில் மாட்டி, காதில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, கோச்சிடம் போகாமல் நேராக என்னிடம் வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான், வியர்வை சொட்டியது, மூச்சு வாங்கியது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டான். கண்ணாடிக் கடையிலிருந்து என்றேன். தலையை மெல்ல ஆட்டினான், அந்த ஆள் எழுத்தை மாற்றினது எனக்குத் தெரியவே தெரியாது என்றான். திட்ட வேண்டும் போல் இருந்தது எனக்கு, ஆனால் குரல் வேறு மாதிரி வந்தது.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவ. நிறுத்துன்னு உன்னால சொல்ல முடியாது, சத்தியம் வாங்கிக்கினேனே. மனசுலயே வெச்சிகினு சாவ. அதான் சொல்லல."

இப்படியும் ஒருவன் இருப்பானா. நான் கட்டுப்பட்டிருக்கிறேன் என்று அவன் மறைத்திருக்கிறான், அவன் ஆசைப்படுகிறான் என்று நான் மறைத்திருக்கிறேன், இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே பாயில். கம்பி வழியாக விரலை நீட்டி அவன் கன்னத்தைத் தொட்டேன், உப்பாகப் பிசுபிசுத்தது. திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் போகிறோம், லீவு சொல்லிவிட்டேன் என்றேன். சொல்லவில்லை, சொல்லிவிடுவேன். சரி என்றான். ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை, சரி என்றான். புல்லைப் பார்த்துக்கொண்டே, பயமா இருக்குது தபி என்றான், கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. எனக்கும்தான் என்றேன்.

அவன் வேலியில் முதுகைச் சாய்த்துப் புல்லிலேயே உட்கார்ந்தான். நான் இந்தப் பக்கம் சிமெண்டில் அவனுக்கு இடப்பக்கமாக உட்கார்ந்தேன், நடுவில் கம்பி. ஆட்டம் முழுக்க எங்கள் கோல் பக்கம் போய்விட்டது, அது அவனுக்கு இடது கை ஓரம். கழுத்தைத் திருப்பினால் பார்த்துவிடலாம். திருப்பவில்லை. நேரே எதிரில் இருந்த காலி மைதானத்தைப் பார்த்துக்கொண்டு, களைத்த குரலில், லெஃப்ட்ல இன்னா நடக்குது, சொல்லு என்றான். எனக்கு இந்த ஆட்டத்தில் பாதிப் பெயர்கள் தெரியாது, தெரிந்ததைச் சொன்னேன். மஞ்சளுக்குக் கார்னர். உயரமானவன் வந்து நிற்கிறான். நம்ம ஆட்கள் எல்லோரும் உள்ளே, கோல்கீப்பர் கத்துகிறார். பதினேழுதான் உதைக்கப் போகிறான். உதைத்துவிட்டான். கூட்டமாகக் குதிக்கிறார்கள். காலரியே வாயடைத்துப்போய்விட்டது, மூலையில் நாலைந்து மஞ்சள் சட்டைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"தபி. இன்னா ஆச்சு?"

"போட்டுட்டாங்க" என்றேன்.

அவன் கண்ணை மூடினான், இரண்டையும். மூச்சை இழுத்துவிட்டான்.

"சரி. அப்புறம்? சொல்லிகினே இரு."

பந்தை எடுத்துக்கொண்டு போய் நடுவில் வைக்கிறார்கள் என்று சொன்னேன்.